ஆறு சாடியும் நிறைகிற மெட்டு

தம்பிக்கு,

சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்றெல்லாம் இதில் கேட்கப் போவதில்லை. அதைத்தான் சனிக்கிழமை தோறும் போனில் கேட்டுவிடுகிறேனே. போனில் பேச முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் வீட்டுப் போன் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஹாலில், உன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி. நான் சொல்லப் போவது அவரைப் பற்றி. அதுவும் உன்னிடம் சொல்லாதே என்று அவரே சொன்ன விஷயம். என் வாயில் ஒரு பேச்சு ஊறினால் எத்தனை நாள் தாங்கும் என்பதும் உனக்குத் தெரியும். தமிழில் எழுதியிருக்கிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. ஆறு மாதப் பயிற்சிக்காகப் போன இடத்தில் ஜெர்மன் எழுத்தெல்லாம் படிக்கிறாயாம், பெற்றவள் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தால் குறைந்து போக மாட்டாய். மெல்லத்தான் படிப்பாய். மெல்லவே படி, இது அவசரமாக வாசித்துவிட்டு மடித்து வைக்கிற சமாச்சாரம் இல்லை.

போன வாரம் ஜெபா பேசினாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் உன்னிடம் பேசுவதைவிட என்னிடம் அதிகம் பேசுகிறாள், அது உனக்கு நல்லதா கெட்டதா என்று கல்யாணத்துக்குப் பிறகு தெரியும். நாகர்கோவிலில் கல்யாண ஆராதனைப் புத்தகம் அச்சுக்குப் போகப் போகிறதாம். பாட்டுகளை முடிவு செய்கிறவர் அவள் தாய்மாமா. நீ அவருக்கு ஈமெயில் அனுப்பிக் கற்சாடிப் பாட்டை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாய். "அத்தே, அந்தப் பாட்ட எடுக்கச் சொன்னது நீங்களா?" என்று கேட்டாள். இல்லையே என்றேன். "நிச்சயதார்த்தத்துல அவங்க வாசிச்சாங்கல்லா ஒரு மெட்டு, பாதியில நின்னு போச்சே. அது எனக்கு மனசுல கெடந்து சுத்திக்கிட்டே இருக்கு. மீதி எப்படிப் போகும்? அதப் போட்டது யாரு அத்தே?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பாடியிருக்கிறேன், ஒரு நாளும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று துருவிக் கேட்கிறவள் நான். எனக்கே ரோஷம் வந்துவிட்டது.

பாட்டை நீ ஏன் எடுக்கச் சொன்னாய் என்று நான் கேட்க வேண்டியதில்லை, நிச்சயதார்த்தத்தன்று நானும் அங்கேதான் இருந்தேன். நீ கீபோர்டில் ஆரம்பித்தாய், நம்மோடு பூனாவிலிருந்து வந்தவர்கள் நம் மெட்டில் பாட எடுத்தார்கள். பெண் வீட்டார் அவர்கள் மெட்டில் எடுத்தார்கள். ஒரே சொல், இரண்டு மெட்டு. அவர்கள் முதல் அடியை இழுத்து முடிப்பதற்குள் நாம் மூன்றாம் அடிக்குப் போய்விட்டோம். சந்தைக் கூச்சல் மாதிரி ஆகிவிட்டது. ஜெபாவின் மாமா அவர் கோயிலில் பாடகர் குழுவுக்குத் தலைவர், அந்தப் பழக்கத்தில் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். "தம்பி, மெட்டு தப்பாக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பின்னால் இருந்த சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், உன் காது இரண்டும் சிவந்துவிட்டது. அப்புறம் அவர்கள் மெட்டில் பாட்டு தொடங்கியது. அதை நம் பக்கத்தில் முதலில் எடுத்துப் பாடியது யார் என்று கவனித்தாயா? உன் அப்பா. வாய் நிறையப் பாடினார். இவருக்கு இந்த மெட்டும் தெரியுமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் யாரோ பலகாரத் தட்டை நீட்டினார்கள், விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இத்தன சால் நாம கலத்தா பாடிட்டு இருந்திருக்கோம். நம்ம கோயில்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது." வருஷத்துக்கும் தப்புக்கும் ஹிந்திச் சொல்தான் உனக்கு வாய்க்கு வந்தது. ஆமா, தப்பாத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். பூனாவில் லேத்து ஓட்டுகிறவர்களும் தோட்டா செய்கிறவர்களும் சேர்ந்து பாடுகிற பாட்டு எப்படிச் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். உன் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சுளையைப் பிரித்து உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தார்.

அந்தப் பாட்டை நீ எத்தனையோ தடவை வாசித்திருக்கிறாய், சொல்லைக் கவனித்திருப்பாயா என்று எனக்குச் சந்தேகம். ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவன் நீ. கானாவூர்க் கல்யாணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்ததாக வேதத்தில் வருகிறதல்லவா, தண்ணீர் ரசமான சாடிகள். பாட்டை எழுதியவர் சாடிக்கு ஒரு சரணமாக ஆறு வைத்திருக்கிறார். "கற்சாடி நிரப்பி வைத்தோம், காண வாரும் ஐயா" என்பது பல்லவி. முதல் சாடியில் பிறந்த வீட்டை விட்டு வரும் பெண்ணின் கண்ணீர். இரண்டாவதில் மாப்பிள்ளையின் வேர்வை. மூன்றாவதில் விருந்தாளிகளின் கால் கழுவும் தண்ணீர். நாலாவதில் ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணில் வழிந்த நீர். ஐந்தாவதில் ஒரே பாயில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்த நாட்கள். கோயில் பாட்டில் இப்படி ஒரு வரியா என்று புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள். ஆறாவது சாடி காலி. இதில் ஊற்ற எங்களிடம் ஒன்றும் இல்லை, நீரே நிரப்பும் என்று பாட்டு முடியும். ஆறாவது வராவிட்டால் அது பாட்டே இல்லை.

இதை எழுதியது யார்? புத்தகத்தில் மற்றப் பாட்டுகளுக்குக் கீழே எழுதினவர் பேர் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. ஜெபாவின் மாமா, யாரோ பழைய காலத்து உபதேசியார் என்கிறார். நான் நம்ப மாட்டேன். ஈர விறகும் ஐந்தாம் சாடியும் உபதேசியாருக்கு எப்படித் தெரியும்? எழுதியது அவர் வீட்டுக்காரியாக இருக்கும். ஜெபாவிடம் சொன்னேன், "அது பொம்பளை எழுத்துதான் அத்தே, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள். அவளை எனக்கு முதலிலேயே பிடித்திருந்தது, இப்போது இன்னும் பிடித்துவிட்டது. பேரில்லாமல் போன அந்த மனுஷியை இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நம் மெட்டைப் போட்டவர் நம் கோயில்காரராகத்தானே இருக்க வேண்டும், அவரையாவது பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகம், தாளம் என்று இரண்டு சொல் இருக்குமே தவிர சுரம் இருக்காது. மெட்டு ஆள் வாயிலிருந்து ஆள் வாய்க்குத்தான் வர வேண்டும். அப்படியானால் ஏதோ ஒரு வாயில் அது தொடங்கியிருக்க வேண்டும் அல்லவா?

முதலில் உன் அப்பாவைத்தான் கேட்டேன். "ஊர்ல பாடுதது தானே" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு பொன்னையா மாமா வீட்டுக்குப் போனேன். தோட்டா ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர், நம் கோயிலில் தமிழ் ஆராதனை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். "அது நாசரேத் பக்கத்து மெட்டுல்லா. எங்க பக்கம் வேற மாதிரி இழுப்பாவ" என்றார். எங்கள் சாயர்புரத்துப் பக்கம் இருக்கிற அந்த நாசரேத்துக்காரி யார், எஸ்தர் அக்கா. அவளுக்குப் போன் போட்டேன். "எங்க ஊரா? யாரு சொன்னா? நாங்க அப்படிப் பாடவே மாட்டோம். அது சாயர்புரத்து மெட்டு, உங்க ஊரு மெட்டு. உனக்குத் தெரியாதா?" என்று என்னையே கேட்டாள். எங்கள் ஊர் மெட்டு எனக்குத் தெரியாதா? நாகர்கோவிலில் அவர்கள் பாடியதும் எங்கள் ஊரில் பாடுவதும் ஒன்றுதான். சிரிப்பு வந்துவிட்டது. ஆளுக்கொரு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், எல்லாரும் அது அடுத்த ஊர்க்காரன் மெட்டு என்று நினைத்துக்கொண்டு, அவன் மனம் நோகக் கூடாதென்று மரியாதையாகப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்படி ஒரு கூத்து பூனாவில்தான் நடக்கும். நானும் அந்தக் கூத்தில் ஒருத்தி. கல்யாணமாகி வந்த புதிதில், இது உன் அப்பாவின் ஊர்ப் பக்கத்து மெட்டு போலிருக்கிறது, மாமியார் வீட்டு மெட்டைக் குறை சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியிருந்த விஷயங்கள் அதிகமில்லை, அதில் இது ஒன்று.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? அப்போதெல்லாம் இங்கிருப்பவர்கள் லீவு போட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். வந்த முதல் ஞாயிறு கோயிலில் இருவரையும் முன்னால் நிறுத்தி எல்லாரும் கற்சாடிப் பாட்டைப் பாடுவார்கள். அது பூனாத் தமிழர்களுக்கு மட்டும் உள்ள வழக்கம், ஊரில் கிடையாது. கல்யாணத்தைப் பார்க்காதவர்களுக்கு அதுதான் கல்யாணம். நானும் நின்றேன். பாஷை தெரியாது, தண்ணீர் பிடிக்கத் தெரியாது, பாஜிக்காரனிடம் விரலைக் காட்டிக் காய்கறி வாங்குகிற நிலைமை. புது மெட்டு, ஆனாலும் சொல் நம் சொல். நாலாம் சாடி வந்தபோது என் அம்மையை நினைத்து அழுதுவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

எஸ்தர் அக்காவோடு என் தேடல் முடிந்திருக்கும். அவள்தான் போனை வைக்கும் முன், "அந்தக் காலத்துல நமக்கு ஏது ஆர்மோனியம்? மராட்டிக்காரங்க காம்ப்ளேதான நமக்கும் சேத்து வாசிச்சாரு, அவரக் கேளேன்" என்றாள். காம்ப்ளே காகாவை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னப் பிள்ளையாக அவர் பெட்டியின் துருத்தியை அமுக்கி விளையாடி அடி வாங்கினாய். கோயில் கட்டடம் ஒன்று, ஆராதனை மூன்று. முதலில் மராட்டி, பிறகு தமிழ், கடைசியில் இங்கிலீஷ். மராட்டி ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்து போகாமல் நமக்கும் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இப்போது கசார்வாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கண் மங்கிவிட்டது, காது நன்றாக இருக்கிறது. சாய் வந்தது. விஷயத்தைச் சொல்லி மெட்டை முனகிக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தாயீ, தே தர் தும்ச்யா நவர்யாச்ச" என்றார். அது உங்கள் வீட்டுக்காரருடையதாயிற்றே என்று. அந்த வீட்டில் நான் சாயைக் கொட்டியது நிஜம், அவர் மகள் துணி எடுத்து வந்து துடைத்தாள்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தமிழ் ஆராதனைக்குக் கொடுத்திருந்த நேரம் கொஞ்சம். ஊர் மெட்டோ ஒரு சரணத்துக்கே ஊர்கோலம் போகிற மெட்டு. மூன்றாம் சாடிக்கு வரும்போது இங்கிலீஷ் ஆராதனைக்கு வந்தவர்கள் வாசலில் நிற்பார்கள், கோயிலைத் திறந்து பூட்டி மணி அடிக்கிற கோயில் குட்டியார் மணியை அடித்துவிடுவார். அங்கேயே பாட்டை நிறுத்தி ஆமென் சொல்லிவிட்டு வெளியே வருவார்கள். பூனாவுக்கு வந்த பெண்கள் எல்லாரும் அப்போது மூன்று சாடியோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சரணத்தை வெட்டிச் சின்னதாக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, யார் சாடியை உடைப்பது என்று பெரியவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். அந்தச் சமயம் உன் அப்பாவுக்கு ஊரில் என்னைப் பேசி முடித்திருந்தார்கள். தமிழ்க்காரர்கள் படிக்கட்டில் காத்திருக்கும்போது உள்ளே மராட்டிக்காரர்கள் கடைசி பஜனையைத் தாளம் தட்டி ஓட்டமாகப் பாடி முடிப்பார்கள். உன் அப்பா அங்கே நின்று, அந்த ஓட்டத்துக்குக் கற்சாடிப் பாட்டின் சொல்லைப் போட்டு முனகிக்கொண்டிருந்தாராம். பல ஞாயிறுகள். பிறகு காம்ப்ளே காகாவிடம் வந்து அதை ஆர்மோனியக் கட்டையில் பிடித்துத் தரச் சொன்னாராம். அந்த மெட்டில் கோயிலில் பாடியபோது, ஆறு சரணமும் முடித்த பிறகும் மணி அடிக்கவில்லை. காகா பெட்டியை எடுத்து வாசித்துக் காட்டினார். அந்த பஜனையின் நடையையும் வாசித்தார், நம் மெட்டையும் வாசித்தார். நடை அவர்களுடையது. ஆனால் ஒவ்வொரு சரணமும் கடைசி அடியில் இறங்கிப் பல்லவிக்குத் திரும்புகிற இடம் இருக்கிறதே, அது அப்படியே ஊர் மெட்டு. அங்கே கீபோர்டு கிடைத்தால் மெதுவாகப் போட்டுப் பார், உனக்கே தெரியும். ஜெபாவின் மாமா தப்பு என்று சொன்ன மெட்டின் வயிற்றில் அவர் மெட்டு இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா பேப்பரை விரித்து மட்டர் உரித்துக்கொண்டிருந்தார். இந்தக் குளிர் காலத்தில் பட்டாணி வந்துவிட்டால் அவரை எழுப்ப முடியாது. எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கை உரித்தேன்.

"காம்ப்ளேயைப் பாத்துட்டு வாரேன்."

"அவன் சொகமா இருக்கானா?"

"இருக்காரு. ஞாபகமும் நல்லா இருக்கு. கற்சாடிக்கு மெட்டு போட்டது யாருன்னு சொன்னாரு."

கை நின்றது. ஒரு பட்டாணி உருண்டு சோபாவுக்கு அடியில் போனது, அதையே பார்த்தார். "மெட்டு எங்க போட்டேன்? நீளமா இருந்துச்சு, அளவுக்குக் கடைஞ்சேன். அம்புட்டுத்தான்" என்றார்.

"பின்ன ஊர் மெட்டுன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"ஏட்டி, நான் போட்டதுன்னா எவன் பாடுவான்? நேத்து வந்த பய, லேத்துல நிக்கவன். பாட்டு நடத்துதவர்ட்ட போயி, எங்க ஊர்ல இப்படித்தான் பாடுவாங்கன்னு சொன்னேன். ஊர்னு சொன்னாத்தான் நம்மாளு வாயத் தொறப்பான்."

பாட்டு நடத்தினவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் சொன்ன பொய்தான் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாமலே சுற்றியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்து, எதைக் காட்டுவது என்று தெரியாமல் கோபத்தைக் காட்டினேன். எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன மூணாம் மனுஷியா என்று கேட்டேன்.

"நீ வந்து நின்ன அன்னிக்கு அழுதல்லா. எதுக்குன்னு கேட்டேன். நாலாஞ்சாடியில எங்க அம்மைய நெனச்சேன்னு சொன்ன. பழைய மெட்டுன்னா ஒனக்கு நாலாஞ்சாடி வந்திருக்காது. அது போதும்னு இருந்துட்டேன்."

தம்பி, இந்த வீட்டில் இத்தனை வருஷமாக, உன் அப்பாவுக்கு ஆசையாக ஒரு வார்த்தை பேச வராது என்று நான் உன்னிடமும் பக்கத்து வீட்டிலும் குறை சொல்லி வந்திருக்கிறேன். உங்க அப்பா ஒரு மரம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன், பட்டாணி உரித்த கையோடு. பிறகு வந்து, ஜெபாவின் மாமா எல்லார் முன்னாலும் தப்பு என்று சொன்னபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று கேட்டேன். "அங்க அது தப்புத்தான? சம்மந்த வீட்டுல போயி நான் போட்ட மெட்டுன்னு சண்ட பிடிக்கவா?" என்றார். சரி, பையனிடம் சொல்கிறேன் என்றேன். "அவன்ட்ட சொல்லாத. சொன்னா எனக்காவப் பாடுவான். அது வேண்டாம்" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் கையை விட்டு அந்தப் பட்டாணியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

சொல்லக் கூடாது என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். அப்போதுதான் உன் கேசட் ஞாபகம் வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு கிறிஸ்துமஸுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு ஒன்று சொல்லிக் கொடுத்தாய். எல்லாரும் நன்றாக இருக்கிறது, எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, ஏதோ ஒரு கேசட்டில் கேட்டேன் என்றாய். எனக்கு அந்தக் கேசட் வேண்டும் என்று கட்கி பஜாரில் கடை கடையாக ஏறி மெட்டை முனகிக் கேட்டேன். கடைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். அப்படி ஒரு கேசட் கிடையாது. அது நீ போட்ட மெட்டு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஏன் மறைக்கிறான் என்பதுதான் தெரியவில்லை. தாயைப் போல பிள்ளை என்பார்கள், நீ அப்பனைப் போல பிள்ளை. அவருக்கு ஊர், உனக்குக் கேசட். இரண்டு பேரும் செய்ததைச் செய்தேன் என்று சொல்லக் கூசுகிறீர்கள், யாராவது தப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் உடனே நம்பிவிடுகிறீர்கள்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். நீ ஜெபாவுக்காக ஏதாவது செய்தால் ஜெபாவிடம் சொல்லிவிடு. அடக்கம் நல்லதுதான், அதைக் கோயிலில் வைத்துக்கொள். வீட்டில் வேண்டாம். எனக்கு இருபது வயதிலேயே கிடைத்திருக்க வேண்டிய சந்தோஷம் முழங்கால் வலி வந்த பிறகு கிடைத்திருக்கிறது. கிடைத்தவரை லாபம் என்று வாங்கிக்கொண்டேன், ஆனால் அவளை அப்படிக் காக்க வைக்காதே. அவள் கேள்வி கேட்கிறவள். அவள் கேட்கும்போது டிவி சத்தத்தைக் கூட்டாதே.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைக்கே மாமாவுக்கு எழுதிப் பாட்டைத் திரும்பச் சேர்க்கச் சொல். நாகர்கோவிலில் அவர்கள் மெட்டிலேயே பாடட்டும், நீயும் சேர்ந்து பாடு. அதுவும் நல்ல மெட்டுதான், என் அம்மை பாடிய மெட்டு. அங்கே மணி அடித்து விரட்ட யாரும் இல்லை, ஆறு சாடியையும் ஆற அமர நிரப்பலாம். பிறகு இங்கே வருவீர்கள். முதல் ஞாயிறு உங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்துவோம், நம் மெட்டில் பாடுவோம். உன் அப்பாவுக்காக நீ பாட வேண்டாம், அவர் சொன்னது சரி. அந்த மெட்டு அவருக்காகப் போட்டதும் இல்லை. பாஷை தெரியாத ஊருக்கு ஒருவனை நம்பி வந்து நிற்கிற பெண்ணுக்காகப் போட்டது. அன்றைக்கு நான், இந்தத் தடவை ஜெபா. பாதியில் நின்றுபோனதன் மீதி எப்படிப் போகும் என்று அவள் கேட்டாளே, அதற்கு வேறு என்ன பதில் இருக்கிறது?

பெண்ணைக் கொண்டுவந்து விட ஜெபாவின் மாமாவும் வருகிறார். மனுஷர் சும்மா இருக்க மாட்டார், பல்லவி முடிவதற்குள் கை உயரும். அப்போது நீ என்னைப் பார்க்காதே, அப்பாவையும் பார்க்காதே, அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். நீ பிறந்தது இங்கே. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, நீ நடை பழகியது, துருத்தியை அமுக்கி அடி வாங்கியது எல்லாம் இங்கே. ஆகவே உன் அப்பா அன்று பாட்டு நடத்தினவரிடம் சொன்ன அதே வார்த்தையை நீ தைரியமாகச் சொல்லலாம். அவர் சொன்னபோது அது பொய். நீ சொன்னால் சத்தியம்.

"எங்க ஊர்ல இப்படித்தான் பாடுவாங்க, மாமா."

உன் அம்மா